வைக்கோல் தொப்பியும் ஒரு சொட்டு ரத்தமும்

பெல்மல்லட், மேயோ
ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கோல்மனுக்கும், மருமகள் ஊனாவுக்கும், பேரப்பிள்ளைகள் ஃபின்னுக்கும் க்ளாராவுக்கும் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. கோழிகள் ஆறும் நலம், நாய் நலம், போன வாரப் புயலில் வண்டிக் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்துபோய்க் கான்வே வீட்டு வேலியில் மாட்டிக்கொண்டது, அதுவும் நலமாகத் திரும்பி வந்துவிட்டது. உன் மகள் டெர்வ்லாவைப் பற்றி மட்டும் நலம் என்று எழுதாமல் இடம் விட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளைக் குழாயில் ஊதச் சொல்லி, மூச்சு நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்கப் போகிறார்கள், அந்த எண் தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை முடித்துத் தபாலில் போடுவேன். எண்பதுக்கு மேல் வந்தால் வருகிற சனிக்கிழமை அவள் நம் ஆட்டுச் சந்தையின் ஏல மேடையில் ஏறுவாள். வராவிட்டால் சந்தை வேலையையே விட்டுவிட வேண்டும். விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதற்குப் பின்னால் நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது, தெரியவிடாமல் வைத்திருந்தவளும் நான்தான்.

ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கே சொல்வது? அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், நான் வாயைத் திறந்தால் மேசைக்கு அடியில் காலை மிதிப்பாள். அதனால்தான் அவள் இன்று கடைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பேனாவை எடுத்தேன். அதற்கு முன் ஒன்று. நீ அனுப்பிய படத்தில் ஃபின்னின் மூக்குத் தோல் உரிந்து கிடக்கிறது. அந்த ஊர்க் கோடை வெயிலில் பிள்ளைகளை மத்தியானம் வெளியே விடாதே என்று ஊனாவிடம் சொல், சொன்னது நான் என்று சொல்லாதே.

சந்தையில் டெர்வ்லாவுக்கு இது இரண்டாவது வருஷம். முதலில் சீட்டு எழுதினாள், பிறகு எடை வாசித்தாள், இப்போது ஆஸ்டின் பாரெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏலம் பழகுகிறாள். முப்பது வருஷமாக ஏலம் விட்ட மனிதருக்கு இப்போது குரல் கரகரத்துவிட்டது, கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, “புள்ள, உனக்கு நாக்கு இருக்கு, தைரியம் இருக்கு, மூச்சு இருக்கா?” என்று கேட்டாராம். மூச்சு இருக்கா என்று அவளிடம் கேட்டிருக்கிறார் பார். மூன்று மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியாமல் தன் பிறந்தநாளன்று அழுத பிள்ளை அது. நுரையீரலில் சளி கட்டுகிற அந்த சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸோடு பிறந்து, குளிர்காலம் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிய பிள்ளை. அந்தப் புது மாத்திரை வந்த பிறகு, நீங்கள் இங்கே இருக்கும்போதே அவள் நிமிர்ந்ததைப் பார்த்தீர்கள், அவளை என்னிடம் விட்டு நீங்கள் வெளிநாடு போன இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. ஆஸ்டினுக்கு முன்னாலேயே அவள் நாற்பது ஆட்டின் விலையை ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லிவிட்டு, “போதுமா மாமா, இன்னும் வேணுமா?” என்றாளாம். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை சினை ஆட்டு ஏலத்தை நீயே விடு என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் ஏலம்தான். கோழிக்குத் தீனி போடும்போது கோழியை விற்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கும்போது கிழங்கை விற்கிறாள், ஒரு தரம், ரெண்டு தரம் என்று கரண்டியால் சட்டியில் தட்டுகிறாள்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் சனிக்கிழமை ஐலீன் கான்வேயின் கல்யாணம். வைக்கோல்காரர்கள் வராமல் நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் நடந்து நீ பார்த்திருக்கிறாயா. யாரும் அழைக்காமல், யாரென்று யாருக்கும் தெரியாமல், தலையிலிருந்து தோள்வரை வைக்கோல் கூம்பைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, மணப்பெண்ணோடு ஒரு சுற்று ஆடி, வாழ்த்திவிட்டு, வந்த மாதிரியே போகிறவர்கள். உள்ளே இருந்தது யார் என்று கேட்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவர்களின் தலைவன் நம் வீட்டுக்கு வந்தான், யாரென்று உனக்கும் எழுத மாட்டேன். ஒரு தொப்பி குறைகிறது, உன் அப்பாவின் தொப்பியைத் தர முடியுமா என்று கேட்டான். டெர்வ்லா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “தொப்பி போனா தொப்பிக்குள்ள நானும் போவேன்” என்று இறங்கி வந்தாள். வைக்கோல் இருக்கிற பக்கமே உன்னை விடக்கூடாதுன்னு ரெண்டு வயசுலேருந்து டாக்டருங்க சொன்னபடி வளத்திருக்கோம், பேசாம போ என்றேன். “அதெல்லாம் பழைய நுரையீரலுக்குச் சொன்னது அப்பத்தா, இது புதுசு” என்றாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர்கள் ஆடுவதை ஜன்னல் ஓரத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பார்த்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் இளகிவிட்டேன் கோல்மன். உன் அப்பா போய் ஒன்பது வருஷமாக வண்டிக் கொட்டகைப் பரணில் தொங்கிய தொப்பியை நானே ஏணி வைத்து இறக்கினேன். உள்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பொடி படிந்திருந்தது, ஒரே ஈர வாடை. தூசிதானே என்று பாத்திரம் துடைக்கும் துணியால் துடைத்து, முற்றத்தில் இரண்டு தட்டுத் தட்டி, அவள் தலையில் என் கையாலேயே கவிழ்த்தேன். மூக்கு வாய் எல்லாம் அதற்குள்ளே, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

கல்யாண வீட்டில் நான் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். கடைசியில் வந்த குள்ள உருவம் உன் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் புகுந்து, மணப்பெண்ணின் பெரியப்பா மகள் க்ரெட்டாவை இழுத்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. க்ரெட்டா யார் தெரியுமா? டெர்வ்லாவுக்கு ஆஸ்பத்திரியில் ஊதல் பார்க்கிற நர்ஸ்! அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் இது யாராயிருக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், நான் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை முழுங்குகிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது.

நவம்பர் பிறந்ததும் இருமல் வந்தது. வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். போனில் உன்னிடம் ஜலதோஷம் என்று சொன்னோமே, அதுதான் இது. ஊதல் எண்பத்தெட்டிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்தது. இரண்டு வாரம் ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு ஒன்று கொடுத்தார்கள், அறுபத்தொன்பதுக்கு இறங்கியது. என்ன கிருமி என்று பார்க்கச் சளி வேண்டும் என்றார்கள். சளிக்கு எங்கே போவது? புது மாத்திரை வந்ததிலிருந்து அவளுக்குச் சளி கட்டுவதே இல்லை, குப்பியை நீட்டினால் வெறும் எச்சில். பதினெட்டு வருஷம் காலையும் மாலையும் அந்த முதுகைத் தட்டித் தட்டிச் சளி எடுத்தோம், நீ ஒரு கை நான் ஒரு கை. இப்போது ஒரு ஸ்பூன் சளிக்கு டாக்டர் டூலன் கெஞ்சுகிறார். அந்த அம்மாளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம்தான். அவளுக்குப் பதினோரு வயதில் இப்படித்தான் இருமினாள், உனக்கு மறந்திருக்காது. சளியை வளர்த்துப் பார்க்கிறோம், ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லிப் பூஞ்சை என்று பேர் தெரிய ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் போன மூச்சு பிறகு வரவே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒருவர் கிருமி இன்னொருவருக்கு ஆகாது, ஆளுக்கு ஒரு தனி அறை, கதவைச் சாத்திவிடுவார்கள். க்ரெட்டா முகமூடியோடு வந்து, புதுசாக ஒன்று வந்திருக்கிறது, பூஞ்சைக்கு உடனே பார்க்கலாம் என்றாள். கொரோனா வந்தபோது மூக்கைக் குடைந்து போட்டோமே, அந்த மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் அட்டை. மூக்கில் இல்லை, விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரம். ஒரு கோடு வந்தால் அட்டை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு கோடு வந்தால் அவள் ரத்தம் அந்தப் பூஞ்சையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கான விளக்கத் தாளைக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் கற்ற எழுத்து அதற்குப் போதுமானதாக இருந்தது, இரண்டு தடவை படித்தேன், புரியாத இரண்டு வார்த்தையை க்ரெட்டாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அரை மணி நேரம் சும்மா இருப்பாளா க்ரெட்டா. கல்யாணக் கதையை எடுத்துவிட்டாள். “டெலியாம்மா, நீங்களும் பாத்தீங்கல்ல, கடைசியா வந்த அந்தக் குட்டையன் யாருன்னு இன்னும் தெரியல. என்னைப் பம்பரமா சுத்தி விட்டான், எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு, அவனுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த நுரையீரல ஒரு தடவை ஊதச் சொல்லிப் பாக்கணும்” என்றாள். ஊதிய பிள்ளை எதிரேதான் விரலில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! டெர்வ்லா ஜன்னலைப் பார்த்தாள், நான் என் பையைப் பார்த்தேன். பெருமையில் எனக்கு நெஞ்சு வெடிக்காத குறை. அப்போது க்ரெட்டா அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். இரண்டு கோடு.

டாக்டர் டூலன் வந்தார். இதை உறுதி செய்ய இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்புகிறேன், ஆனால் அது வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, பூஞ்சை மருந்தை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆறு வாரம் என் தோளிலிருந்து இறங்கியது. பிறகு உட்கார்ந்து விசாரித்தார். பழைய வைக்கோல், ஈரப் புல், மக்கின இலை, எரு, எதற்காவது பக்கத்தில் போனாயா என்றார். டெர்வ்லா இல்லை என்றாள். என்னைக் கேட்டார். நானும் இல்லை என்றேன். க்ரெட்டா அங்கேயே நிற்கிறாள், எப்படிச் சொல்வது? அந்த ஒரு சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லிவிட்டது, நாங்கள் இருவரும் பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டாக்டர் பேனாவை மூடினார். “அப்படின்னா சந்தைதான் டெர்வ்லா. அங்க பட்டியில வைக்கோல்தான விரிக்கிறாங்க. ஊத்து அங்க இருக்கும்போது நான் இங்க மருந்து குடுத்து என்ன ஆகும்? வேலையை விட்டுரும்மா” என்றார். நல்ல மனுஷி, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் வண்டியை ஓட்டினாள், ஓர் ஆட்டைக்கூட விற்கவில்லை. பாதி வழியில் நான் ஆரம்பித்தேன், சொல்லிரலாம்டி, ஒரு தொப்பிக்காக வேலையைத் தொலைக்கணுமா என்றேன். “சொல்லக் கூடாது அப்பத்தா. வைக்கோலுக்குள்ள இருந்தவ பேரு வெளிய வந்தா இனிமே எவனும் என்னைச் சேத்துக்க மாட்டான், தாத்தா பேரும் சேந்து கெடும். அதுவும் க்ரெட்டாகிட்டயா? அவ வாய் ரேடியோ” என்றாள். சந்தை போனா போகட்டும் என்று வேறு சொன்னாள். அதைச் சொன்ன குரல் அவள் குரலாகவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், பழகுவதற்காகக் கொண்டுவந்திருந்த ஏலச் சுத்தியலைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, கால் வலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தொப்பியை ஒரு கோழித்தீவனச் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ் ஏறினேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், பொருளைக் கண்ணில் காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மணி நேரம் அந்தச் சாக்கை மடியில் வைத்திருந்தேன். நேராக அந்த வார்டுக்குள் போய், நீள நடையில் க்ரெட்டாவைப் பார்த்ததும், இந்தா, நீ தேடுற குட்டையன் இதுக்குள்ளதான் இருக்கான் என்று சாக்கின் முடிச்சில் கை வைத்தேன். அவள் போட்ட சத்தம் இருக்கிறதே! “அவுக்காதீங்க! டெலியாம்மா, கைய எடுங்க, அவுக்காதீங்க!” என்று தட்டைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த நடையின் இரண்டு பக்கமும் கதவுக்குப் பின்னால் டெர்வ்லா மாதிரி எத்தனை பிள்ளைகள், நான் ஒரு சாக்குப் பூஞ்சையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறேன். என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் வந்து, கார் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் மழையில் நிற்கவைத்தாள். வேறு கோட்டும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திரும்ப வந்தாள். அங்கே அவிழ்த்தேன்.

தொப்பியைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பயந்தேன், சிரித்திருக்கிறாள். “அய்யோ, அந்தக் கள்ளியா? என்னையா சுத்தினா? மறுமாசம் அதே வாயால ‘க்ரெட்டா, இன்னைக்கு ஊதக் கஷ்டமா இருக்கு’ன்னு சொன்னாளே” என்று முகமூடிக்குள்ளேயே கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஊர் வழக்கத்தை மீறி வந்திருக்கேன், என் வீட்டு ஆளு பேரை வெளிய விட்டுராத தாயி, வேலை மட்டும் தப்பிச்சா போதும் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், “நான் தொப்பியத்தான் பாத்தேன் டெலியாம்மா, தொப்பிக்குள்ள தலை எதையும் பாக்கல.” அப்படியே செய்தாள். டாக்டரின் கோப்பில் வீட்டுக் கொட்டகையில் பழைய வைக்கோல் என்று எழுதினாள், அவ்வளவுதான். இன்றுவரை அந்த ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

தொப்பியின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்து அனுப்பினார்கள், அதில் அந்தப் பூஞ்சை மண்டிக்கிடந்தது என்று பத்து நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். டெர்வ்லாவின் ரத்தமும் அதையேதான் சொன்னதாம். சந்தையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்யட்டும், பட்டிப் பக்கம் போனால் முகமூடி போடட்டும், ஆறு வாரத்தில் ஊதல் எண்பதைத் தாண்டினால் வேலையை விட வேண்டாம், தாண்டாவிட்டால் என்னோடு வாதாடக் கூடாது என்றார். இப்போது விளங்குகிறதா உனக்கு, வியாழக்கிழமை ஏன் எனக்கு இவ்வளவு பெரிய நாள் என்று.

அவளிடம் நானே சொன்னேன், சொல்லாமல் எப்படி. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முட்டையை மேசையில் வைத்தால் எடுத்துத் தின்றுவிட்டு எழுந்து போவாள். மூன்றாம் நாள் காலை நான் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஆரம்பித்தாள், “எழுபத்தாறு வயசுக் கிழவி ஒண்ணு, பல்லு நல்லாருக்கு, கால் லேசா நொண்டும், ரகசியம் தங்காது, கேள்வி எவ்வளவு? யாருமே கேக்கலயா? ஒரு தரம், ரெண்டு தரம், சரி, நானே வச்சுக்கிறேன்.” அலமாரியிலிருந்து சுத்தியல் அவள் கைக்கு வந்திருந்தது. அன்று மாலை முற்றத்தில் தொப்பியை எரித்தேன், அவளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான். உன் அப்பா பின்னிய பின்னல், கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் அவர் இருந்திருந்தால் என்னிடமிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி அவரே குச்சி கிழித்திருப்பார்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது புது மாத்திரையோடு ஒத்துப்போகாதாம், அதனால் அதைக் குறைத்து, இதைக் கொடுத்து, வாராவாரம் ரத்தம் பார்க்கிறார்கள். கோலா குடித்து விழுங்கினால்தான் உடம்பில் பிடிக்குமாம். டாக்டரே கோலா குடிக்கச் சொல்கிற காலம் வந்துவிட்டது. பல்லுக்குக் கெடுதல் என்று உனக்கு நான் எத்தனை வருஷம் அதை மறுத்திருக்கிறேன். க்ளாராவிடம் இதைச் சொல்லிவிடாதே.

வியாழக்கிழமை

எழுத்து கோணலாக இருந்தால் சந்தோஷத்தினால் என்று எடுத்துக்கொள். எண்பத்து நாலு! முதல் தடவை ஊதியபோது எழுபத்தொன்பது வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். க்ரெட்டா, “எழுந்து நில்லு, கல்யாணத்துல ஆடினவ மாதிரி ஊது” என்று அவள் காதில் சொன்னாள், எனக்குக் கேட்காது என்று நினைப்பு. இரண்டாவது எண்பத்து மூன்று, மூன்றாவது எண்பத்து நாலு. ரத்தத்தில் அந்தக் கோடு சீக்கிரம் மறையாதாம், பல மாதம் இருக்குமாம், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஊதலைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்து இன்னும் ஆறு வாரம் தொடர வேண்டும். இருமல் அவ்வப்போது வரத்தான் செய்யும், மேடையில் தண்ணீர் வைத்துக்கொள் என்றார். இதோடு தபாலில் போட நினைத்தேன், பிறகு சனிக்கிழமை வரை பொறுத்தால் என்ன என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை

நான் என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். டெர்வ்லா கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கின் முன்னால், பக்கத்தில் ஆஸ்டின், மொத்தம் முப்பது பட்டி ஆடு. “என்ன டெலியாக்கா, பேத்தி இன்னைக்கு நம்மளயும் சேத்து வித்துருவாளோ” என்று பின்வரிசையில் கேலி. முதல் பட்டி உள்ளே வந்ததும் அவள் வாயைத் திறந்தாள் பார், கூரைத் தகரத்தில் மழை விழுகிற மாதிரி விலை விழுந்தது, எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டு விரலை உயர்த்த ஆரம்பித்தார்கள். பதினெட்டுப் பட்டி போனது. பத்தொன்பதாவதில் இருமல் பிடித்துக்கொண்டது.

சின்ன இருமல் இல்லை, முதுகு வளையும் இருமல், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மைக்கில் ஊருக்கெல்லாம் கேட்கிறது. ஆஸ்டின் எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுக்கப் போனார், அவள் மறு கையால் அவரைத் தடுத்தாள். சந்தை முழுக்க அமைதி, ஆடுகூடக் கத்தவில்லை. அந்தப் பட்டிக்குக் கடைசிக் கேள்வி ஆடு ஒன்றுக்கு இருநூற்றுப் பத்து யூரோ, கேட்டவர் லூக் ஜின்டி. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு கயிற்றுத் துண்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர், அவருக்கு எதிராகக் கேட்க வேறு ஆளே இல்லை. அந்த அமைதியில் லூக் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருநூத்திப் பதினஞ்சு” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பேத்தி இன்னும் இருமுகிறாள். லூக் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தபடி, “இருநூத்தி இருபது” என்றார். அவருக்கு எதிராக அவரே கேட்கிறார் கோல்மன், அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஏலம் நிற்கக் கூடாது என்று.

அவள் குடித்து முடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். “லூக் மாமா, உங்களை நீங்களே முந்திக்கிட்டு இருக்கீங்க, உக்காருங்க. என் காதுல விழுந்தது இருநூத்திப் பத்துதான்” என்றாள். சந்தையே சிரிப்பில் அதிர்ந்தது. லூக் முகமெல்லாம் சிவந்துபோய், “நல்ல ஆடா இருக்கேன்னு பாத்தேன், அவ்வளவுதான்” என்று முணுமுணுத்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், இருநூற்றுப் பத்துக்கே சுத்தியல் விழுந்தது. ஆஸ்டின் பாரெட் தன் நாற்காலியைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களோடு சேர்ந்து கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். மீதிப் பதினொரு பட்டியையும் அவள் தனியாகத்தான் விற்றாள். நான் அழுதுகொண்டே சிரித்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி ஆட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, விட்டு வைத்த இடத்தில் இப்போது நிரப்பிக்கொள், உன் மகள் நலம். உங்கள் நான்கு பேருக்கும் கடவுளின் காவலும் உன் அப்பாவின் ஆசியும் என் முத்தமும். வைக்கோல் விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவளாகச் சொல்லும்வரை பொறு. இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இரண்டு மணி நேரம் தாமதமாகச் செய், பிள்ளை அசந்து தூங்கட்டும், பேசும்போது அவள் குரல் கட்டியிருந்தால் பயப்படாதே, அது முப்பது பட்டி ஆடு விற்ற குரல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
டெலியா முனல்லி